"போக வேண்டாம்" என்று சொல்லும் ஒரு வலைத்தளம்

மலைப்பாதையில் பேருந்தில் போகும்போது வனத்துறை வைத்திருக்கும் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். "காடுகளைக் காப்போம்", "காட்டுத்தீயைத் தடுப்போம்" என்று எழுதியிருக்கும். படித்துவிட்டுத் தலையை ஆட்டுவோம், அடுத்த கொண்டை ஊசி வளைவு வந்ததும் மறந்துவிடுவோம். அந்தப் பலகையைப் படித்த பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள்? ஒன்றும் செய்திருக்க மாட்டீர்கள். உங்கள் மேல் தப்பே இல்லை. அந்தப் பலகை உங்களை எதுவும் செய்யச் சொல்லவேயில்லையே!

காட்டுத்தீ பற்றிப் பேசும் தொண்டு அமைப்புகளின் வலைத்தளங்களும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. அவற்றை எப்படி மாற்றி அமைக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

"உனக்கு எதற்குப்பா இந்த வேலை?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் படிப்பது வணிகவியல். இருப்பது அண்ணனூர். எங்கள் ஊரில் மின்சார ரயில் பணிமனை உண்டு, கொசு உண்டு, மழை வந்தால் தெருவில் தண்ணீர் உண்டு, காடு மட்டும் கிடையாது :-) ஆனாலும் எழுதுவதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, தமிழ்நாட்டில் நம் காலத்தில் நடந்த மிக மோசமான காட்டுத்தீ விபத்தில் இறந்தவர்களில் பலர் காட்டில் வாழ்ந்தவர்கள் அல்ல, நம்மைப் போல நகரத்திலிருந்து போனவர்கள். இரண்டு, இது காட்டைப் பற்றிய பிரச்சனை என்பதைவிட விளம்பரத்தைப் பற்றிய பிரச்சனை என்று எனக்குத் தோன்றுகிறது. விளம்பரம் என்றால் எங்கள் பாடத்தில் வருகிற விஷயம், அதனால் கொஞ்சம் பேசலாம்.

குரங்கணி

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு மேலே இருக்கும் குரங்கணி மலை. சென்னை ட்ரெக்கிங் கிளப் என்ற தன்னார்வக் குழு மூலமாகப் போனவர்கள் ஒரு பிரிவு, ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து போனவர்கள் இன்னொரு பிரிவு. மலையேறிவிட்டுத் திரும்பும் வழியில் காய்ந்த புல்லில் பரவிய தீ அவர்களைச் சூழ்ந்துகொண்டது. அன்றும், பிறகு மருத்துவமனைகளிலுமாக 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சென்னைக் குழுவில் பெண்களே அதிகம். மகளிர் தினத்தை ஒட்டிப் போன பயணம் அது. உதவிக்கு முதலில் ஓடி வந்தவர்கள் அந்த மலையடிவாரத்து ஜனங்கள். வனத்துறை, தீயணைப்புத் துறை, விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அதன்பின் நடந்தது நமக்குப் பழகிய காட்சி. அனுமதி இருந்ததா இல்லையா, யார் பொறுப்பு என்று டிவியில் விவாதம் நடந்தது. அரசு ஒரு மூத்த ஐஏஎஸ் அதிகாரியை விசாரணைக்கு நியமித்தது. அதே ஆண்டிலேயே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தனி விதிகளும் வந்தன.

யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. என் கேள்வி வேறு. மலைக்குப் போகிற ஒருவர் "நானும் வருகிறேன்" என்று பெயர் கொடுக்கிற அந்த நிமிடத்தில் அவர் கண் முன்னால் என்ன இருக்கிறது?

ஏதாவது ஒரு மலையேற்றக் குழுவின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். முதலில் மேகம் சூழ்ந்த மலை. பிறகு கைகளை விரித்து நிற்கும் ஒரு மனிதர். கீழே தேதி, கட்டணம், பேருந்து கிளம்பும் இடம். என்னென்ன எடுத்து வர வேண்டும் என்று ஒரு பட்டியல். எல்லாவற்றுக்கும் கடைசியில் பொடி எழுத்தில், எது நடந்தாலும் குழு பொறுப்பல்ல என்று ஒரு வரி. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மலை காய்ந்து கிடக்கும் என்பதோ, போன வாரம் அதே சரிவில் தீ பிடித்ததா என்பதோ பெரும்பாலும் இருக்காது. அதைத் தெரிந்துகொள்ள வேறு பக்கத்துக்குப் போக வேண்டும். பயணத்துக்கு ஆசைப்பட்டு வந்தவர் ஏன் வேறு பக்கத்துக்குப் போகப் போகிறார்?

என் கருத்து இவ்வளவுதான். எந்தப் பக்கம் நம்மை அழைக்கிறதோ, அதே பக்கம்தான் நம்மை எச்சரிக்கவும் வேண்டும். "வாருங்கள்" என்று சொல்கிற இடத்திலேயே, அதே அளவு எழுத்தில், "இன்று வேண்டாம்" என்றும் சொல்லத் தெரிய வேண்டும். அழைப்பு ஒரு கடையிலும் எச்சரிக்கை இன்னொரு கடையிலும் விற்கப்பட்டால் இரண்டாவது கடைக்கு வாடிக்கையாளரே வரமாட்டார்.

இரண்டு சொட்டு

நம் நாட்டில் நடந்த மிகச் சிறந்த விளம்பரம் எது என்று கேட்டால் நான் எந்தச் சோப்பையும் குளிர்பானத்தையும் சொல்ல மாட்டேன். போலியோ சொட்டு மருந்தைத்தான் சொல்வேன். யாருக்கு? ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு. எப்போது? இந்த ஞாயிற்றுக்கிழமை. எங்கே? தெருமுனையில், பேருந்து நிலையத்தில், ரயில் நிலையத்தில். என்ன செய்ய வேண்டும்? இரண்டு சொட்டு. நான்கு கேள்விக்கும் பதில் இருந்தது. விரலில் மை வைத்துவிடுவதால் விடுபட்ட குழந்தை எது என்றும் தெரிந்துவிடும். 2014 மார்ச் மாதம் உலக சுகாதார நிறுவனம் இந்தியா இருக்கும் தென்கிழக்கு ஆசிய மண்டலத்தைப் போலியோ இல்லாத பகுதி என்று அறிவித்தது. அந்த விளம்பரம் "போலியோவை ஒழிப்போம்" என்ற வாசகத்தோடு நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு உதாரணம், வருத்தமானது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் படிக்காதவர்களுக்குக்கூடப் புரிந்த ஒரு விஷயம், பள்ளிக்கூடத்துக்குக் கீற்றுக்கொட்டகை கூடாது என்பது. பள்ளிகளில் கூரைகள் பிரிக்கப்பட்டன. "தீ விபத்தைத் தவிர்ப்போம்" என்று ஆயிரம் சுவரில் எழுதியிருந்தாலும் அந்தக் கீற்று இறங்கியிருக்காது. எதை அகற்ற வேண்டும் என்று சொன்னதால்தான் இறங்கியது.

காட்டுத்தீ விஷயத்தில் நம்மிடம் "இரண்டு சொட்டு" மாதிரி ஒன்றும் இல்லை. என் வயதுக்காரர் பத்துப் பேரிடம், மலைச்சரிவில் நடந்துபோகும்போது கீழே புகை தெரிந்தால் என்ன செய்வாய் என்று கேட்டுப் பாருங்கள். "மேலே ஏறித் தப்பிப்பேன்" என்று சிலராவது சொல்வார்கள். அதுதான் மிக ஆபத்தான பதில். வெள்ளத்துக்கு மேட்டை நோக்கி ஓட வேண்டும் என்று பழகிய மனசு தீக்கும் அதையே சொல்கிறது. தீயோ சரிவில் மேல்நோக்கித்தான் வேகமாகப் போகும், ஏனென்றால் அதன் சூடு மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடுகிறது. சரிவு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் இரண்டு மடங்காகும் என்பது ஆஸ்திரேலியாவில் தீயணைப்பு வீரர்களுக்குச் சொல்லித்தரும் தோராயக் கணக்கு. மனிதனின் வேகமோ ஏற ஏறக் குறையும்.

பிராண்ட் என்றால் லோகோ அல்ல

பிராண்ட் என்றதும் பலருக்கும் லோகோவும் நிறமும்தான் ஞாபகம் வருகிறது. என்னைக் கேட்டால் ஒரு சத்தத்தைக் கேட்டதும், ஒரு நிறத்தைப் பார்த்ததும் நம் மனசில் தானாக வந்து நிற்கிற அர்த்தம்தான் பிராண்ட். ஐஸ் வண்டி மணி அடித்தால் குழந்தை ஓடுவது இதனால்தான். இந்த அர்த்தம் தப்பாகப் பதிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஹவாய் தீவில் ஓர் உதாரணம் இருக்கிறது.

2023 ஆகஸ்ட் 8 அன்று மாவி தீவின் லஹைனா நகரம் காட்டுத்தீயில் எரிந்தது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தத் தீவில் எச்சரிக்கைச் சங்குகள் இருந்தன, ஆனால் அன்று அவை ஊதப்படவில்லை. ஏன் என்று கேட்டபோது அவசரகால நிர்வாக அதிகாரி சொன்ன காரணம் யோசிக்க வைக்கிறது. அந்தச் சங்கு என்றாலே மக்களுக்குச் சுனாமிதான், ஊதியிருந்தால் மக்கள் கடலை விட்டு மலைப்பக்கம் ஓடியிருப்பார்கள், தீயோ மலைப்பக்கமிருந்துதான் வந்தது என்றார். அவர் முடிவு சரியா என்று கடுமையான விமர்சனம் எழுந்தது, அவர் பதவி விலகினார். ஆனால் அந்தப் பதிலில் ஒரு பாடம் இருக்கிறது. பல வருடங்களாக ஒரே ஒரு அர்த்தத்தைப் பழக்கிவிட்டால், இன்னொரு ஆபத்து வரும்போது அதே சத்தம் பயன்படாது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், எங்கள் பக்கத்துச் செம்பரம்பாக்கம் ஏரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2015 டிசம்பர் தொடக்கத்தில் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. அடையாற்றங்கரையில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு 29,000 கன அடி என்றால் என்ன? வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டுமா, மாடிக்குப் போனால் போதுமா? எண் என்பது தகவல்தான். அதை வைத்து என்ன செய்வது என்று யாராவது சொன்னால்தான் அது எச்சரிக்கை ஆகும்.

இதைப் புரிந்துகொண்டு மாற்றிக்காட்டியவர்கள் ஆஸ்திரேலியர்கள். 2009 பிப்ரவரி 7 அன்று விக்டோரியா மாநிலத்தில் காட்டுத்தீயில் 173 பேர் இறந்தார்கள். அங்கே தீ அபாய அளவைக் காட்டும் பலகைகள் சாலையோரத்தில் உண்டு. முன்பு அதில் ஆறு படிகள். "மிக அதிகம்", "கடுமை", "அதீதம்" என்று அடுக்கிக்கொண்டே போகும், எதற்கும் எதற்கும் என்ன வித்தியாசம் என்று சாதாரண ஆளுக்கு விளங்காது. 2022 செப்டம்பர் 1 முதல் நாடு முழுக்க ஒரே மாதிரி நான்கு படிகளாகக் குறைத்துவிட்டார்கள். முக்கியமான மாற்றம் அதுவல்ல. ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தார்கள். முதல் படி என்றால் திட்டமிட்டுத் தயாராகு. இரண்டாவது என்றால் செயல்படத் தயாராக இரு. மூன்றாவது என்றால் உயிரையும் உடைமையையும் காக்க இப்போதே செயல்படு. கடைசி என்றால் உயிர் பிழைக்க அந்த இடத்தை விட்டுக் கிளம்பு.

அமெரிக்காவின் ஸ்மோக்கி கரடியையும் இங்கே சொல்ல வேண்டும். 1944-ல் பிறந்த கரடி, உலகத்திலேயே மிகப் பிரபலமான காட்டுத்தீ விளம்பரம். தொப்பி போட்ட அந்தக் கரடி, காட்டுத்தீயைத் தடுப்பது உன் கையில்தான் இருக்கிறது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தது. ஆனால் தீ எல்லாமே கெட்டது என்ற எண்ணத்தையும் அது பரப்பிவிட்டது, அளவோடு எரிய வேண்டிய காடுகளில்கூடச் சருகு சேர்ந்துபோக அந்த எண்ணமும் ஒரு காரணம் என்று பிற்காலத்தில் பலர் விமர்சித்தார்கள். 2001-ல் வாசகத்தில் ஒரு சொல்லையும் மாற்றினார்கள். என் குறை வேறொன்று. கரடி தீ வைக்காதே என்று சொல்கிறது. தீ வந்துவிட்டால் என்ன செய்வது என்று அந்த வாசகம் சொல்வதில்லை. தடுப்பது வேறு, தயாராக இருப்பது வேறு. நம் ஊர்ப் பலகைகளும் முதலாவதோடு நின்றுவிடுகின்றன.

என்னிடம் கொடுத்தால்

சரி, குறை சொல்வது சுலபம். மலையேற்றமோ சுற்றுச்சூழலோ பற்றி வேலை செய்யும் ஒரு தொண்டு அமைப்பு தன் வலைத்தளத்தை என்னிடம் கொடுத்தால் நான் என்ன செய்வேன்?

முதல் வேலை, முகப்பில் இருக்கும் பெரிய மலைப்படத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கேள்வி போடுவேன்: "இந்த வாரம் மலைக்குப் போகலாமா?" கீழே ஒரே ஒரு பதில். "போகலாம்" அல்லது "வேண்டாம்". தமிழ்நாட்டு மலைகளில் கோடை மழை வரும்வரை, அதாவது பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை, பதில் தானாகவே "வேண்டாம்" என்று இருக்க வேண்டும். இது ஒன்றும் என் கற்பனை இல்லை. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளோடு ஒரு வலைத்தளம் தொடங்கியது. திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைகூட அதில் உண்டு, எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அதுதான் கிட்ட. 2025 பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை காட்டுத்தீ காலம் என்று மலையேற்றத்தை நிறுத்திவைத்தார்கள். பதிவு செய்கிற இடத்திலேயே பூட்டுப் போட்டது சரியான வேலை. ஆனால் அரசாங்கப் பக்கத்தில் பூட்டு இருந்தால், வாட்ஸப்பில் வேறொரு மலைக்கு ஆள் சேர்க்க எத்தனை நேரம் ஆகும்? அதனால்தான் தனியார் குழுக்களும் தொண்டு அமைப்புகளும் இதைச் செய்ய வேண்டும் என்கிறேன்.

இரண்டாவது, நிறம். காட்டுத்தீ என்றதும் வடிவமைப்பாளர்கள் லோகோவில் சிவப்புச் சுவாலை வரைந்துவிடுவார்கள். பட்டன் சிவப்பு, தலைப்பு சிவப்பு, நன்கொடைப் பெட்டியும் சிவப்பு. பிறகு நிஜமான ஆபத்து நாளில் காட்டுவதற்கு என்ன நிறம் மிச்சம்? மற்ற நாட்களில் அந்தத் தளத்தில் சிவப்பே இருக்கக் கூடாது. "வேண்டாம்" என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் சிவப்பு.

மூன்றாவது, தீ எங்கே எரிகிறது என்ற தகவல். டேராடூனில் இருக்கும் இந்திய வன அளவை நிறுவனம் 2004-லிருந்தே செயற்கைக்கோள் மூலம் காட்டுத்தீயைக் கண்டுபிடித்துச் சொல்லிவருகிறது. முதலில் ஒரு கிலோமீட்டர் நுணுக்கத்தில் பார்த்தார்கள், பிறகு 375 மீட்டர் நுணுக்கத்தில் பார்க்கும் கருவியும் சேர்ந்தது. பதிவு செய்துகொண்டால் பொதுமக்களுக்கும் அந்த எச்சரிக்கை வரும். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பயணத்துக்குப் பெயர் கொடுக்கும் படிவத்திலேயே இந்தப் பதிவுக்கான இணைப்பும் இருக்க வேண்டும். 2018 நவம்பர் 8 அன்று கலிஃபோர்னியாவில் பாரடைஸ் என்ற ஊர் எரிந்து 85 பேர் இறந்தபோது, பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அவர்கள் அந்தச் சேவையில் முன்கூட்டிப் பதிவு செய்யாததும் ஒரு காரணம். தானாக வந்து சேராத எச்சரிக்கை இருந்தும் இல்லாததுபோல்தான். அதே சமயம் செயற்கைக்கோளை முழுக்க நம்பவும் கூடாது. அது ஒரு நாளில் சில தடவைதான் நம் தலைக்கு மேலே போகும். இரண்டு தடவைக்கு நடுவில் மூளும் தீ அதற்குத் தெரியாது. எனவே தீப்புள்ளி இல்லை என்பதை "பத்திரம்" என்று எழுதவே கூடாது.

நான்காவது, புகையைக் கண்டால் என்ன செய்வது என்று ஒரே ஒரு தாள். நம்முடைய "இரண்டு சொட்டு" இதுதான். தீக்கு மேலே இருக்கும் சரிவில் ஏறாதே. குறுகிய ஓடைப் பள்ளத்துக்குள் இறங்காதே, தீ அதைப் புகைபோக்கியாக்கிவிடும். உயரமான காய்ந்த புல்லுக்குள் ஓடாதே. தீயின் பக்கவாட்டில் விலகி, புல் இல்லாத பாறைக்கோ ஏற்கனவே எரிந்து ஆறிய கரிநிலத்துக்கோ போ. எரிந்த இடம் மறுபடி எரியாது. நைலான் துணி உருகித் தோலில் ஒட்டும், பருத்தி உடுத்து. கூட்டத்தை விட்டுப் பிரியாதே. 112-க்கு அழை. இவ்வளவுதான். இதைப் படங்களோடு ஒரு தாளில் அச்சிட்டு ஒவ்வொருவர் பையிலும் வைக்க வேண்டும். மலையில் சிக்னல் கிடைக்காது, வீடியோ அங்கே உதவாது. பக்கமும் இலேசாக, சாதாரண போனிலும் திறக்கிற மாதிரி, முதலில் தமிழில் இருக்க வேண்டும்.

பணம் திரும்ப வருமா?

இனி சொல்வதுதான் வணிகவியல் மாணவராக நான் முக்கியமாக நினைப்பது.

ஒரு பயணத்தை ரத்து செய்தால் யாருக்கு நஷ்டம்? ஒருங்கிணைப்பாளர் வேனுக்கு முன்பணம் கொடுத்திருப்பார். சாப்பாட்டுக்குச் சொல்லியிருப்பார். வருகிறவர் அலுவலகத்தில் கெஞ்சி விடுப்பு வாங்கியிருப்பார், ரயில் டிக்கெட் எடுத்திருப்பார், வீட்டில் சண்டை போட்டு அனுமதி வாங்கியிருப்பார். அடிவாரம் வரை வந்தாகிவிட்டது. தூரத்தில் லேசாகப் புகை. "இவ்வளவு தூரம் வந்துட்டோம்..." என்று ஒருவர் சொன்னால் போதும், மற்றவர்களும் தலையாட்டுவார்கள். ஏற்கனவே போய்விட்ட பணத்தை நினைத்து இனிமேல் எடுக்கவேண்டிய முடிவைக் கெடுத்துக்கொள்ளாதே என்று எங்கள் புத்தகத்தில் ஒரு பாடமே உண்டு. பரீட்சையில் எல்லோரும் சரியாக எழுதுவோம். மலையடிவாரத்தில் நின்றால் யாருக்கும் ஞாபகம் வராது.

அதனால் அந்த முடிவை அடிவாரத்துக்கு விட்டுவைக்கக் கூடாது. பதிவு செய்கிற பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்: தீ எச்சரிக்கை வந்தால் பயணம் ரத்து, முழுப் பணமும் திரும்ப வரும், அல்லது மழைக்காலத்தில் அதே பாதைக்கு இடம் உறுதி. இதற்காக ஒவ்வொரு கட்டணத்திலும் சிறு தொகையை ஒதுக்கித் தனி நிதியாக வைக்கலாம். வேன்காரருக்குக் கொடுத்த முன்பணத்தை அதிலிருந்து ஈடுகட்டலாம். பணம் போகாது என்று தெரிந்தால் "வேண்டாம்" என்று சொல்ல ஒருங்கிணைப்பாளருக்கும் வாய் வரும், கேட்டுக்கொள்ள வருகிறவருக்கும் மனசு வரும். எச்சரிக்கை வாசகத்தைப் பத்துத் தடவை அழகாக மாற்றி எழுதுவதைவிட இந்த ஒரு நிபந்தனை அதிக உயிரைக் காப்பாற்றும் என்பது என் நம்பிக்கை.

தளத்தின் வெற்றியை அளக்கும் விதமும் மாற வேண்டும். எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை லைக் என்பதெல்லாம் கணக்கே இல்லை. எத்தனை பேர் தீ எச்சரிக்கைக்குப் பதிவு செய்தார்கள்? எத்தனை பயணங்கள் ரத்தாயின? ஆண்டறிக்கையில் "இந்த வருடம் 11 பயணங்களை ரத்து செய்தோம்" என்று ஒரு அமைப்பு பெருமையோடு எழுதினால், அதற்கு நான் என் பாக்கெட் மணியிலிருந்து நன்கொடை தருவேன்.

சில எதிர்ப்புகள்

"இப்படிப் பயமுறுத்தினால் யாரும் இயற்கையைத் தேடிப் போகமாட்டார்கள்" என்பார்கள். மீனவர்கள் புயல் எச்சரிக்கை வந்தால் கடலுக்குப் போவதில்லை. துறைமுகத்தில் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று கேட்டு யாரும் கடலை வெறுத்துவிடவில்லை. வருடத்தில் இரண்டு மாதம் மலையைச் சும்மா விடுவதில் நமக்கு என்ன குறைந்துவிடும்?

"இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை" என்பது இன்னொன்று. தீத்தடுப்புக் கோடு வெட்டுவதும், தீக்காவலர்களை நியமிப்பதும் அரசாங்கத்தின் வேலைதான், மறுக்கவில்லை. இந்தியக் காடுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அடிக்கடி தீப்பிடிக்கக்கூடியவை என்று வன அளவை நிறுவனமே சொல்கிறது. அத்தனை இடத்துக்கும் ஒரு வனக்காவலரை நிறுத்த முடியாது. ஆள் சேர்ப்பது யாரோ அவர்தான் ஆளுக்குச் சொல்லவும் வேண்டும்.

மூன்றாவது எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. "நகரத்துப் பிள்ளைகளுக்கு வலைத்தளம் சரி, மலையில் வாழ்கிறவர்களுக்கு?" உண்மைதான். ஆடுமாடு மேய்ப்பவர், தேன் எடுப்பவர், எஸ்டேட்டில் வேலை செய்பவர் யாரும் வலைத்தளத்தைப் பார்த்து வாழ்வதில்லை. அங்கே வழி தலைகீழாக இருக்க வேண்டும். தீ எந்தச் சரிவில் எப்போது வரும், காற்று எந்த நேரத்தில் திரும்பும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களிடமிருந்து தகவல் நமக்கு வர வேண்டும். மலையடிவாரக் கிராமத்தில் இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுத்து, "இன்று போகலாமா" என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் அதிகாரத்தை அவர்களிடமே கொடுக்கலாம். காலையில் அவர்கள் போனில் சொல்கிற பதில்தான் முகப்பில் வர வேண்டும். செயற்கைக்கோளைவிடச் சீக்கிரம் புகையைப் பார்ப்பவர்கள் அவர்கள். குரங்கணியில் முதலில் ஓடி வந்தவர்களும் அப்படிப்பட்ட ஜனங்கள்தான். தீ வந்த பிறகு கூப்பிடுகிற ஆளை, தீ வரும் முன்னே கேட்டால் என்ன?

தும்பை விட்டு வாலைப் பிடிப்பதில் நமக்கு நல்ல பழக்கம் இருக்கிறது. ஒவ்வொரு மார்ச் மாதமும் குரங்கணி நினைவுநாளில் படங்களைப் பகிர்வோம், மெழுகுவர்த்தி ஏற்றுவோம். அதே வாரத்தில் "வீக்எண்ட் ட்ரெக், இன்னும் 4 இடம்தான் இருக்கு" என்றும் ஒரு படம் வரும். அப்படி ஒன்று உங்கள் போனுக்கு வந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "தீ எச்சரிக்கை வந்தா காசு திரும்பக் கிடைக்குமா?" பதில் சொல்லத் தடுமாறினால் போகாதீர்கள். பத்துப் பேர் கேட்டால் அடுத்த தடவை அந்தப் பதில் அந்தப் படத்திலேயே எழுதியிருக்கும். வாடிக்கையாளர் கேட்டால்தான் கடைக்காரர் மாறுவார் என்பது முதல் வருடப் பாடம்.